வசவுக்கு உரியவன்

வான்தாக்குதல் சைரன் ஊதியதும் நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார்.

அவன் நொண்டியபடியே மைதானத்தை விட்டு இறங்கினான். கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது.

அரங்கில் ஆளில்லை. போர் தொடங்கியதிலிருந்து இங்கே யாரையும் உள்ளே விடுவதில்லை. முன்பெல்லாம் அவன் ஒரு பந்தைப் பறித்தால் சொந்த ஊரில் அவன் பெயரைப் பாடுவார்கள். இந்த ஊரில் ஏசுவார்கள். இப்போது இரண்டும் இல்லை.

நிலவறையில் இரண்டு அணிகளும் சுவரோரம் உட்கார்ந்தன. பக்கத்துக் குடியிருப்பு ஆட்களும் கம்பளிகளோடு இறங்கி வந்தார்கள்.

பயிற்சியாளர் அவன் காலை அழுத்திப் பார்த்தார்.

"போதும் ஒஸ்தாப். வெளிய வந்துடு. இந்த ஆட்டத்தோட முடிச்சுக்கறேன்னு நீதானே சொன்ன?"

தலையசைத்தான். காலையில் அப்படித்தான் சொல்லியிருந்தான். பின்களத்தில் நின்று நின்றே தலை நரைத்துவிட்டது. காலி நாற்காலிகளுக்காக எத்தனை நாள் ஓடுவது?

எதிரே இருந்த பெண் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் எதிரணியின் மஃப்ளர்.

"எங்க வீட்டுக்காரர் உங்களத் திட்டாத நாளே கிடையாது," என்றாள்.

அவன் சிரித்தான். "அவர் வரலையா?"

"போர்முனையில இருக்கார். நேத்து போன் பண்ணினார். குளிரப் பத்திப் பேசல, குண்டப் பத்திப் பேசல. 'அந்தப் படுபாவி நாளைக்கு ஆடுறானா'ன்னுதான் கேட்டார்."

"என்ன சொன்னீங்க?"

"ஆடுறார்னு சொன்னேன். அதுக்கப்புறந்தான் அவர் குரலே தெளிஞ்சுது."

சைரன் ஓய்ந்தது. அவள் கம்பளியை மடித்துக்கொண்டு படியேறினாள்.

அவன் பயிற்சியாளரிடம் காலை நீட்டினான்.

"கட்டுப் போடுங்க."

அவர் முறைத்தார். பிறகு இறுக்கிக் கட்டினார்.

மிச்சமிருந்தது கொஞ்ச நேரம்தான். அவன் அணி ஒரு கோல் முன்னே இருந்தது. உள்ளூர் அணி விடாமல் ஏறி வந்தது. தலையால் முட்டித் தள்ளினான். நெஞ்சைக் கொடுத்துத் தடுத்தான்.

கடைசியில் ஒரு பந்து கோல்கீப்பரையும் தாண்டிவிட்டது.

கோல் கோட்டை நோக்கி உருண்டது.

சறுக்கி விழுந்தான். வலிக்கிற கால்தான் எட்டியது. அந்தக் காலாலேயே பந்தை வெளியே உதைத்தான்.

விசில்.

எழ முடியவில்லை. புல்லிலேயே கிடந்தான். வலி உச்சந்தலை வரை ஏறியது.

வெறிச்சோடிய அரங்கில் மதிலுக்கு அப்பாலிருந்து ஒரு பெண்குரல் தெளிவாகக் கேட்டது. எந்த மாடியிலிருந்தோ போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கும் தடுத்துட்டான், படுபாவி."

பயிற்சியாளர் பக்கத்தில் மண்டியிட்டார்.

"பத்திரிகைக்காரங்க காத்துட்டிருக்காங்க. ஓய்வு பெறுறதா சொல்லிடலாமா?"

அவன் முழங்கையை ஊன்றி நிமிர்ந்தான்.

"அடுத்து இந்த ஊருக்கு எப்ப வர்றோம்?"