ஓட்டமில்லாத கால்வாய்

அடி அண்ணாமலையில் மழை விட்டு ஒரு மணி நேரமாகிறது. கிரிவலப் பாதை வெயிலில் காய்கிறது. அதன் ஓரத்துப் புது மழைநீர்க் கால்வாயில் நனைந்த சருகுகள் கிடக்கின்றன, ஓட்டமே இல்லை. பௌர்ணமிக்கு நடக்கிறவர்கள் காலில் சேறு படக்கூடாதென்று பாதையின் உயரத்துக்கே மட்டம் பிடித்துக் கட்டியதில், கால்வாயின் விளிம்பு தெருவைவிட ஒன்றரை அடி உயர்ந்துவிட்டது. தெருத் தண்ணீர் அதில் முட்டித் திரும்பி, ரேணுகாம்பாள் வீட்டுக்குள் முழங்காலளவு நிற்கிறது. பின்பக்க மண்சுவர் அடியில் கரைந்து வழிகிறது. அவள் புருஷன் அப்பாசாமி சவுக்குக் கட்டையை முட்டுக் கொடுத்துத் தோளால் தாங்கி நிற்கிறான். "சீக்கிரம் எறைடி, சொவுரு நிக்காது போல இருக்குது." அவள் இரும்புச் சட்டியில் மொண்டு வந்து கால்வாயில் ஊற்றுகிறாள். இதே கால்வாய்க்கு அவள் கூலிக்குக் கலவை சுமந்த சட்டி. விளிம்பில் சிமென்ட் இன்னும் ஒட்டியிருக்கிறது. பாதைமேல் போனோடு நிற்கிறான் கால்வாய் வேலையின் சூப்பர்வைசர் கோபி. "மட்டம் புடிச்ச அன்னிக்கே சொன்னேன், தெருவுல வெச்சுப் புடிங்கன்னு. கலவையத் தூக்குற வேலையப் பாருன்னீங்க," என்கிறாள் அவள். "போட்டோவுல உங்க மூஞ்சி விழுதுக்கா, கொஞ்சம் ஒதுங்கி ஊத்துங்க. தண்ணி போற மாதிரி ஒரு போட்டோ மேல அனுப்பணும்." அவள் சட்டியைச் சாய்க்கிறாள். வீட்டுக்குள் சுவர் பொதக்கென்று உட்காருகிறது. தலையெல்லாம் சேறாக அப்பாசாமி இருமிக்கொண்டே வெளியே வருகிறான். கோபி போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போட்டோ ஆடிடுச்சுக்கா. இன்னொரு சட்டி ஊத்துங்க."