வேலியில்லாத கிரவுண்ட்

"பந்து எங்கையடா?"

செம்மஞ்சள் நிறப் பந்து வெள்ளைக்குள் போய் எங்கோ புதைந்துவிட்டது. சிவபாதம் மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு சிரித்தார். பனிச் சப்பாத்து, இரண்டு காற்சட்டை, குரங்குத் தொப்பி. இவ்வளவோடும் சிக்ஸ்.

"கிரவுண்ட் எண்டால் இதெல்லோ கிரவுண்ட், அன்புராசா! சுத்திவர ஒரு வேலி இல்லை, ஒரு மரம் இல்லை. எங்கடை மில்லிக்கனிலை உப்பிடி ஒரு துண்டு கிடைச்சால் வீடாக் கட்டி அடுக்கிப்போடுவாங்கள்."

"உதிலை வீடோ! பகிடிதான் அண்ணை நீங்கள்," என்றான் அன்புராசா. ஏரிகள் நிறைந்த மஸ்கோக்காவில் இந்த விடுமுறைக் கொட்டேஜை வாடகைக்கு எடுத்து இரண்டு குடும்பங்களையும் கூட்டி வந்தவன் அவன்தான்.

முதல்நாள் இருட்டில் வந்து இறங்கியபோதே சிவபாதம் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். பனியில் சறுக்குவார், விழுவார், எழும்புவார். ஏரிப் பக்கம் மட்டும் தலைவைத்தும் படுக்க மாட்டார்.

உறைந்தாலும் அடியில் இருப்பது தண்ணீர்தானே. ஊரில், கிளாலியில் படகு கவிழ்ந்தபோது, மூன்று வயது மகளை ஒற்றைக் கையால் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி கடலுக்குள் கிடந்தவர் அவர். இன்றும் வீட்டில் வாளியில்தான் குளிப்பு. தொட்டியை நிரப்ப விடமாட்டார்.

அந்த மகள் அட்சயாவுக்கு இப்போது எட்டு வயது. அன்று காலை, ஆட்டம் தொடங்கமுன், அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, லேக்குக்கு வாங்கோ. ஒரேயொருக்கா, ப்ளீஸ்."

"அம்மாவோடை போ பிள்ளை. அப்பா வரேல்லை."

அவள் முகம் தொங்கிப்போயிற்று. வீட்டுக்குப் பின்னால், பைன் மரங்களுக்குள் தண்ணீர் சலசலத்தது. அவர் அந்தப் பக்கத்து யன்னல் திரையை இழுத்து மூடினார்.

கொஞ்ச நேரத்தில் முன்பக்கம் "அவுட்! அவுட்!" என்று கூச்சல் எழுந்தது. எட்டிப் பார்த்தால் வெட்டவெளியில் கிரிக்கெட். பந்து குத்துவதற்குப் பலகை ஒன்றும் போட்டிருந்தார்கள். சிவபாதத்துக்குக் கை சும்மா இருக்குமா? யாரோ பாதியில் கட்டி விட்டுப்போன ஒரு மரப்பாலம் கிடந்தது. அதன் நுனியில் இருந்து சப்பாத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு குதித்தார்.

அட்சயா ஓடி வந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். விடவே இல்லை. கிரிக்கெட்டில் இவளுக்கு இவ்வளவு பைத்தியமா என்று அவருக்கு ஆச்சரியம். படியில் நின்ற மனைவி குணவதி, வாயில் வைத்த கையை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா பாக்கிறீர்? நான் விளையாடி நீர் காணேல்லையோ?" என்று கத்தினார்.

வெயில் சாய்ந்ததும் எல்லோரும் தேத்தண்ணியோடு படியில் இருந்தார்கள். அட்சயா அவர் தோளில் சாய்ந்திருந்தாள். காலையில் தொங்கிய அந்த முகம் அவருக்கு இன்னும் உறுத்தியது. பகல் முழுக்கச் சிரித்ததில் நெஞ்சில் கொஞ்சம் துணிவும் ஊறியிருந்தது.

மிச்சத் தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

"சரி பிள்ளை. அப்பான்ரை கையை இறுக்கிப் பிடி. லேக்குக்குப் போவம்."

அன்புராசா குணவதியைப் பார்த்தான். குணவதி அன்புராசாவைப் பார்த்தாள்.

சிவபாதம் முருகா என்று முணுமுணுத்தபடி பைன் மரங்களின் பக்கம் திரும்பி நடந்தார். அட்சயா கையை இழுத்து அவரை நிறுத்தினாள்.

"அப்பா, உது சின்ன ஓடை. லேக்கிலைதானே நீங்கள் இவ்வளவு நேரமும் சிக்ஸ் அடிச்சனீங்கள்!"