பாட்டும் வாயும்

"இந்தாளை வெட்டி எடுத்துடு நவமணி. கண்ணுல படவே கூடாது."

கருப்பம்மாளின் விரல் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தைக் குத்திக்கொண்டு நின்றது. திரையில் அவர் புருஷன் ஐயாவு கோயில் வாசலில் நின்று அம்மன் பாட்டுப் பாடுகிறார். அவருக்குப் பின்னால், ஓரமாக, தாளம் தட்டிக்கொண்டு நிற்பது ஐயாவுவின் தம்பி மருதை.

"ஏன்க்கா, உங்க கொழுந்தனார்தானே?" என்றாள் நவமணி.

"செத்த வீட்டுக்கே தண்ணியப் போட்டுட்டு வந்தவன். அவன் மூஞ்சி எதுக்கு?"

ஈப்போ டவுனில் இன்னமும் டிவிடி போட்டுக் கொடுக்கிற கடைகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதில் ஒன்று நவமணியுடையது. பென்டிரைவில் தருகிறேன் என்றால், அதை எங்கே சொருகுவது என்று கேட்கிற சனம் பாகான் டத்தோ பக்கம் நிறைய உண்டு. கருப்பம்மாளின் சொந்தக்காரர்கள் பூராவும் அங்கேதான். ஐயாவுவின் வருஷத் திவசத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு டிவிடி கொடுத்தனுப்ப வேண்டும் என்று அவருக்கு ஆசை. கோப்பெங் தோட்டத்துக் கோயில் திருவிழாவை டிவியில் காட்டியபோது வீட்டில் பதிவு செய்து வைத்திருந்தார். மனுஷன் டிவியில் வந்தது அந்த ஒரு தடவைதான்.

இன்னொரு குறையும் சொன்னார். நவமணி முதலில் போட்டுக் கொடுத்த டிவிடியில் பாட்டு ஒரு பக்கம் போகிறது, வாய் ஒரு பக்கம் போகிறது. பார்க்கிற சனம் சிரிக்காதா?

அதெல்லாம் ஒரு வேலையா என்றுதான் நவமணி நினைத்தாள். டிவியில் பதிவு செய்ததை டிவிடிக்கு மாற்றும்போது சத்தம் கொஞ்சம் பிந்துவது சகஜம். பிந்தின அளவுக்கு முன்னால் இழுத்துவிட்டால் தீர்ந்தது.

இழுத்தாள். பாட்டின் முதல் அடி சேர்ந்தது, அடுத்த அடி சேரவில்லை. அதைச் சேர்த்தால், அதற்கடுத்த அடியில் ஐயாவு வாயை மூடிய பிறகும் பாட்டு ஓடுகிறது. சரி, பதிவே கோளாறு என்று பழையபடி விட்டுப் பார்த்தால், அறிவிப்பாளர் பேசுவது அச்சாகப் பொருந்துகிறது. உறுமியில் கோல் படும்போதே சத்தமும் வருகிறது. பாட்டு மட்டும் முரண்டு பிடிக்கிறது. இது என்னடா கர்மம் என்று, வாங்கி வைத்த தே தாரேக் டீயை ஆறவிட்டு மறுபடி மறுபடி ஓட்டினாள்.

அப்போதுதான் ஓரத்தில் நின்ற மருதையின் வாய் கண்ணில் பட்டது. பாட்டின் ஒவ்வொரு சொல்லுக்கும் அது அசைந்தது. அவர் மூச்சு வாங்குகிற இடத்தில் பாட்டும் நின்றது.

நவமணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பாடினது ஒருத்தர், பேர் இன்னொருத்தருக்கு. போதாக்குறைக்கு, பாடினவரையே வெட்டி எறியச் சொல்லுது இந்தம்மா.

மருதை பக்கத்துத் தெருவில் கார் கழுவுகிற கடையில்தான் வேலை பார்த்தார். நவமணி போய்க் கையோடு கூட்டி வந்தாள். மனுஷன் ஈரக் காலோடு வந்து உட்கார்ந்து படத்தைப் பார்த்தார். அவள் விடாமல் கேட்டபிறகுதான் சொன்னார்.

முதல் நாள் விடிய விடியப் பாடி அண்ணனுக்குத் தொண்டை கட்டிப்போச்சாம். மறுநாள் டிவிக்காரர்கள் வந்து நிற்கிறார்கள். அண்ணன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. சின்ன மைக்கைத் தோள் துண்டுக்குள் மறைத்து மாட்டிக்கொண்டு தம்பி பாடினார், அண்ணன் வாயை மட்டும் அசைத்தார். அண்ணன் தம்பிக் குரல்தானே, ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"அண்ணே, நான் அக்காகிட்ட உண்மையைச் சொல்லத்தான் போறேன்," என்றாள் நவமணி. "உங்க பேரையும் போடுறேன்."

மருதை கும்பிடாத குறையாகத் தடுத்தார்.

"வேணாம் தங்கச்சி. அண்ணி சொன்ன மாதிரியே என்னை வெட்டிடு. பாட்டை அண்ணன் வாயோட சேர்த்துடு. அவங்களுக்கு மிச்சம் இருக்கிறது அந்தக் குரல் ஒன்னுதான். அது அண்ணன் குரல் இல்லேன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாங்க."

இவரையா குடிகாரன் என்று தள்ளி வைத்திருக்கிறார்கள் என்று நவமணிக்கு மனசு ஆறவே இல்லை. இருந்தாலும் சொன்னதைச் செய்தாள். படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினதும் ஓரத்தில் நின்றவர் தானாக வெளியே போனார். பாட்டை அடி அடியாக நறுக்கி ஐயாவுவின் உதட்டுக்குச் சேர்த்து ஒட்டினாள். உறுமிக்காரரின் கோல் அங்கங்கே பிசகியது. அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

மறுநாள் கருப்பம்மாள் வந்தார். கண் கொட்டாமல் கடைசிவரைக்கும் பார்த்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இப்பதான் அவரே பாடுற மாதிரி இருக்கு. இதையே எல்லாருக்கும் போட்டுடு. ஒன்னே ஒன்னு மட்டும் பழைய மாதிரி வேணும். அதுல வாயைச் சேர்க்காதே, ஓரத்துல நிக்கிறவனையும் வெட்டாதே."

"அது யாருக்குக்கா?"

"மருதைக்கு."

நவமணி திரையை விட்டுத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"ஏன் அப்படிப் பார்க்கிற? என் புருஷன் குரல் எனக்குத் தெரியாதா? அவன் வாயைப் பார்த்தா சனம் கண்டுபிடிச்சிடும்னுதான் வெட்டச் சொன்னேன். செத்தவரை நாலு பேரு கேலி பேசக் கூடாதுல்ல?" கருப்பம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "அவன் குடிக்கிறதுக்கு நான் திட்டுறது வேற கதை லா. பாடினவன் அவன்தானே."