மூலையில் தூசி

வேலை முடிந்து வந்தவன் வீட்டுக் கதவைத் திறக்கும் முன்பே அம்மாவின் குரல் காதில் விழுந்தது.

"இதுக்குப் பேரு தொடைக்கிறதா? மூலையில தூசி அப்படியே கிடக்கு. மறுபடி தொடை!"

"சரிங்க அத்தை" என்றாள் மனைவி, அடங்கின குரலில்.

அவனால் நம்பவே முடியவில்லை. பிழைக்க வந்த நாட்டில் பதினெட்டு வருடமாக ஆபீஸ் ஆபீஸாகத் தரை துடைத்து அவனை ஆளாக்கியவள், யாரிடமும் அதிர்ந்து ஒரு சொல் பேசியதில்லை. மருமகள் வந்த மூன்றே மாதத்தில் இப்படியா?

"வாளித் தண்ணி கறுத்துப் போச்சே, கண்ணு தெரியலையா?"

அவனுக்கு ரத்தம் கொதித்தது. ஷூவைக்கூடக் கழற்றாமல் உள்ளே பாய்ந்தான். "அம்மா! அவ என்ன உனக்கு வேலைக்காரியா?"

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "கெடுத்தீங்களே! நாளைக்கு அத்தைக்கு சூப்பர்வைசர் பரீட்சை. ஏற்கெனவே ரெண்டு தடவை ஃபெயில். அழுக்கைக் கண்டா ஆளைக் கூப்பிட்டுச் சொல்லாம, தானே தொடைச்சிடறாங்களாம். முட்டி ரெண்டும் தேஞ்சாச்சு, இதுதான் கடைசி வாய்ப்பு. அதான் என்னைத் திட்டிப் பழகச் சொன்னேன். இப்பதான் வாயே வந்துச்சு!"

அம்மா ஈரத் தரையில் பதிந்திருந்த ஷூ தடங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை தானாக மாப்பைத் தேடிப் போனது. மருமகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா மாப்பை எடுத்தாள். ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு மகனிடம் நீட்டினாள்.

"ஷூவைக் கழட்டு. மூலையிலேருந்து ஆரம்பி."