மன்னியின் பளபளப்பு

"என் மருந்தை எடுத்து உன் மன்னி மூஞ்சியில தடவிக்கறா, ருக்கு. இந்த வீட்டுல கேக்க ஆளில்லை!"

செம்பூரிலிருந்து வந்த ருக்கு இன்னும் உட்காரக்கூட இல்லை. அதற்குள் அண்ணன் சந்திரமௌலி புகாரை ஆரம்பித்துவிட்டார்.

"என்ன மருந்து?"

"விட்டமின் ஈ கேப்சூல். கௌசிக் அமெரிக்காவிலேருந்து எனக்குன்னு அனுப்பினது. பாட்டிலை ஒளிச்சு வெச்சுண்டு, எனக்கு என்ன தரா தெரியுமா? வேக வெச்ச வேர்க்கடலை! நான் என்ன மாட்டுங்கா ஸ்டேஷன்ல கடலை கொறிச்சு டைம்பாஸ் பண்றவனா?"

சந்திரமௌலிக்கு ப்ராஸ்டேட்டில் கேன்சர். ஆரம்ப நிலைதான். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும் என்று டாக்டர் சஃப்ரீன் சொல்லியிருந்தார்.

பார்த்துக்கொண்டே சும்மா இருக்கத்தான் யாராலும் முடியவில்லை. மகன் கௌசிக் நியூஜெர்சியில் உட்கார்ந்து இன்டர்நெட்டைக் குடைந்தான். அங்கே வெள்ளைக்காரர்களையும் கறுப்பர்களையும் தனித்தனியாக வைத்து ஆராய்ந்தார்களாம். விட்டமின் ஈ நிறையச் சேர்த்துக்கொண்ட வெள்ளைக்காரர்களுக்கு இந்த வியாதி அவ்வளவு மூர்க்கமாக இல்லையாம். கறுப்பர்களிடம் அப்படித் தெளிவாகத் தெரியவில்லையாம். அடுத்த பார்சலிலேயே பெரிய பெரிய பாட்டில்கள் வந்து இறங்கின.

"நான் நல்ல கலர்தானே? என்னை வெள்ளைக்காரன் கோஷ்டியில சேர்த்துக்கலாம்" என்று சந்திரமௌலி கண்ணாடி முன்னால் நின்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு முழுங்கத் தொடங்கினார்.

போன ரத்த டெஸ்ட்டில் வியாதியின் அளவைக் காட்டும் நம்பர் ஏறியிருந்தது. அதைக் கேட்டதிலிருந்து ருக்குவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அண்ணனைப் பார்த்தே ஆகவேண்டும் என்று பஸ் ஏறி வந்தால், இங்கே இந்தக் கூத்து.

விறுவிறுவென்று சமையலறைக்குப் போனாள்.

மன்னி ஷ்யாமளா ஜன்னலோரமாக நின்று, சேஃப்டி பின்னைக் கொண்டு கேப்சூலைக் குத்தி, பிதுக்கி, கன்னத்தில் தேய்த்துக்கொண்டிருந்தாள். அறுபதைத் தாண்டிய முகம் எண்ணெய் வழிய மினுமினுத்தது.

"மன்னி, அண்ணாவுக்கு நம்பர் ஏறிடுத்துன்னு எனக்கு சோறு தண்ணி இறங்கலை. நீங்க என்னடான்னா பியூட்டி பார்லர் நடத்தறேள்!"

"முகமெல்லாம் வறண்டு போறது ருக்கு."

"வறளட்டுமே! கட்டின புருஷன் உசிரைவிட உங்களுக்கு மூஞ்சி பெரிசாப் போச்சா?"

ஷ்யாமளா இன்னொரு கேப்சூலை எடுத்தாள்.

ருக்குவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மொபைலை எடுத்தாள்.

"இப்பவே கௌசிக்குக்குப் போன் பண்றேன். அவன் அம்மா லட்சணத்தை அவனே தெரிஞ்சுக்கட்டும்."

"ஐயோ, வேண்டாம்!" ஷ்யாமளா பாய்ந்து மொபைலைப் பிடுங்கினாள். எண்ணெய்க் கையில் அது வழுக்கிக் கீழே விழப் பார்த்தது. "அவன் உடனே டாக்டருக்கே போன் போட்டுக் கேப்பான், ருக்கு. எல்லாம் தெரிஞ்சுடும்."

"என்ன தெரிஞ்சுடும்?"

ஷ்யாமளா ஹாலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவர் ரத்தம் குடுக்கப் போயிருந்தப்போ டாக்டர்கிட்ட இந்த பாட்டிலைக் காட்டினேன். அந்த ஆராய்ச்சி சாப்பாட்டுல வர விட்டமினைப் பத்தினதாம். நம்ம ஊர்க்காராளை அதுல பார்க்கவே இல்லையாம். வேர்க்கடலை மாதிரி சாப்பாட்டுல வந்தா பயமில்லை, கேப்சூலா முழுங்கினா இந்த வியாதிக்குக் கெடுதலாக்கூட முடியலாம், உடனே நிறுத்துங்கோன்னா."

ருக்கு வேர்க்கடலை ஊறிக்கொண்டிருந்த பாத்திரத்தைப் பார்த்தாள்.

"இதை அண்ணாகிட்ட சொல்லிட வேண்டியதுதானே?"

"உங்கண்ணா வாயில எது நிக்கும்? ராத்திரி வீடியோ கால்ல கௌசிக்கைப் பார்த்த உடனே கொட்டிடுவார். அவன் அனுப்பினதை முழுங்கினதுக்கு அப்புறம்தானே நம்பர் ஏறியிருக்கு? அதனாலதானான்னு டாக்டராலேயே சொல்ல முடியலை. ஆனா குழந்தை என்ன நினைச்சுப்பான்? அப்பாவுக்கு நானே கெடுதல் பண்ணிட்டேன்னுதானே?"

"அப்போ பேசாம குப்பையில போட்டுட்டா?"

"பிள்ளை அனுப்பினதை ஏன் தூக்கிப் போட்டேன்னு காரணம் கேப்பார். மூஞ்சியில தடவிண்டா காரணம் கேக்க மாட்டார், திட்டுவார். திட்டிட்டுப் போகட்டும். பெண்டாட்டியைப் பத்திப் பிள்ளைகிட்ட குறை சொல்ல மாட்டார், அந்த கௌரவம் அவருக்கு உண்டு."

ருக்குவுக்கு அழுகை வந்தது. கொஞ்ச நேரம் முன்னால் தான் கேட்ட கேள்வியை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

ஹாலிலிருந்து சந்திரமௌலியின் குரல் கேட்டது.

"ருக்கு! நன்னா நாலு வார்த்தை கேட்டியா அவளை? எனக்குன்னு ஒண்ணாவது மிச்சம் வெச்சிருக்காளா?"

கல்யாணம் கார்த்திகைக்குக்கூடப் பவுடர் போட்டுக்கொள்ளாத ருக்கு, மன்னி கையிலிருந்த சேஃப்டி பின்னை வாங்கினாள். ஒரு கேப்சூலைக் குத்திப் பிதுக்கி இரண்டு கன்னத்திலும் அழுத்தித் தேய்த்துக்கொண்டாள். மீதி பாட்டில்களைத் தன் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"மிச்சத்தையெல்லாம் நான் எடுத்துண்டு போறேன் அண்ணா," என்று ஹாலுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். "எனக்கும் மூஞ்சி வறண்டுதான் கிடக்கு. என்னையும் சேர்த்துத் திட்டிக்கோ!"