மொத்தம் என்றால்

“இனிமே சில்லறை வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். மொத்தமாவே கொடுத்துடறேன்.”

மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த அக்கா பாதியிலேயே நின்றாள். கீழே கல்லாவுக்குப் பக்கத்தில் தம்பி முதுகைக் காட்டியபடி போனில் பேசிக்கொண்டிருந்தான். அவள் மறுபடி இறங்கும் காலடி கேட்டதும், பிறகு பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டான்.

அது பொத்தான் கடை. அப்பா விட்டுப்போனது. பத்திரம் அக்கா பேரில், வியாபாரம் தம்பி கையில். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் மாதிரிக்கு ஒரு பொத்தான் ஒட்டியிருக்கும். விளக்கைப் போட்டால் எல்லாம் கண் விழித்துப் பார்ப்பது போலிருக்கும். இன்று அவை தன்னையே பார்ப்பதாக அக்காவுக்குத் தோன்றியது.

“யார்கிட்ட பேசிக்கிட்டிருந்த?”

“ஒரு பார்ட்டி.”

“பார்ட்டிக்குப் பேர் இல்லையா?”

துணி தைக்கிற கம்பெனிக்காரர் என்றான். என்ன கேட்டார் என்றாள். மொத்தமாகக் கேட்டார் என்றான்.

“மொத்தம்னா, எது மொத்தம்?”

தம்பி அவளை ஏற இறங்கப் பார்த்தான். கடைக்குள்ளேயே வளர்ந்தவள் கேட்கிற கேள்வியா இது? ஒன்றிரண்டாக விற்றால் சில்லறை, பெட்டி பெட்டியாக விற்றால் மொத்தம் என்று பாடம் நடத்தினான்.

“பெட்டியோட நிக்குமா? சில பேர் அலமாரி, சுவர், சாவி எல்லாத்தையும் சேர்த்தும் மொத்தம்னு சொல்றாங்க.”

“யாருக்கா அப்படிச் சொன்னது?”

அக்கா பேச்சை மாற்றினாள். நேற்று டேப் வைத்துச் சுவரை அளந்துவிட்டுப் போனவர் யார் என்று கேட்டாள். தச்சர் என்றான். பெட்டிகளை அடுக்கப் புது அலமாரி வேண்டுமாம். ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்றாள். சொல்லத்தான் இருந்தேன் என்றான்.

“எதையாவது மறைக்கிறியாடா?”

“மறைச்சு என்ன பண்ண? பத்திரம் உன் பேர்ல. நீ கையெழுத்துப் போடாம இங்க ஒரு ஆணியையாவது நகர்த்த முடியுமா?”

அதுவும் சரிதான். ஆனாலும் அக்காவின் நெற்றிச் சுருக்கம் போகவில்லை.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுத் தையல்காரி வந்து இரண்டு வெள்ளைப் பொத்தான் கேட்டாள். தம்பி தலையைச் சொறிந்தான். இன்றிலிருந்து பெட்டியாகத்தான் விற்பதாகச் சொன்னான்.

“பெட்டி நிறைய பட்டனை வெச்சு நான் என்ன, மரவட்டைக்கா சட்டை தைக்கப் போறேன்?”

கடைசியில் இரண்டு பொத்தானைச் சும்மாவே கொடுத்தனுப்பினான். மொத்த வியாபாரி சில்லறை விற்கத்தான் கூடாதாம், கொடுக்கலாமாம். அவன் சிரிக்க, அக்காவும் சிரித்துவிட்டாள்.

பிறகு கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பலகையை எடுத்து நிமிர்த்தினான். பெயிண்ட் இன்னும் சரியாகக் காயவில்லை. ‘பொத்தான்கள் மொத்த விற்பனை.’ மாட்டிவிட்டு அவளைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்றுதான் மறைத்து வைத்திருந்தானாம்.

அக்காவின் சந்தேகமெல்லாம் தீர்ந்தது. பலகையை மாட்ட ஏணி கேட்டு வர அவன் பக்கத்துக் கடைக்கு ஓடினான்.

அவள் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுப் போனை எடுத்தாள்.

“நான்தான் பேசறேன். தரகர் எங்கயாவது வாயை விட்டுட்டாரோன்னு பயந்தே போயிட்டேன். இல்ல, தம்பிக்கு ஒண்ணும் தெரியாது. நாளைக்கு வாங்க, கையெழுத்துப் போட்டுடறேன். ஆமா, அலமாரி, சுவர், சாவியோட... மொத்தமா.”