சுடாத கல்

“நீலம் எனக்கு.”

பொட்டலத்தை முழுசாகப் பிரிக்கக்கூட விடவில்லை அக்கா. நகைக் கடைக்காரரின் மேஜைமேல் உருண்ட இரண்டு கற்களில், நீலமும் ஊதாவுமாக மின்னிய டான்சனைட்டை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

மிச்சம் கிடந்ததும் அதே வகைக் கல்தான். ஆனால் பச்சையா, மஞ்சளா, ஓரத்தில் லேசாக ரோஸா என்று அதற்கே தெரியாத ஒரு நிறம். கழுவி நாளான தண்ணீர்த் தொட்டி மாதிரி.

அம்மா போய் மூன்று மாதம். விட்டுப்போனது இந்த இரண்டு கற்கள்தான். ஆளுக்கொரு மோதிரம் செய்துகொள்ளலாம் என்று தங்கையை அழைத்து வந்தவளும் அக்காதான்.

“அக்கா, சீட்டுக் குலுக்கியாவது பார்க்கலாமே?” என்றாள் தங்கை.

“மூத்தவ நான். எனக்கெதுக்குடி சீட்டு?”

தங்கையின் கணவர் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார். எப்போதும் சிரித்த முகம். அந்த முகத்தை நம்பித்தான் தங்கையின் வளையல்கள் அலங்கார மீன் பண்ணையாகவும், சங்கிலி செல்போன் கடையாகவும் மாறின. இப்போது மீனும் இல்லை, போனும் இல்லை. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

“நீலத்துக்குத்தான் அண்ணி மார்க்கெட். வாங்கறதுக்கு ஆள்கூடப் பார்த்து வெச்சிருக்கேன். இந்தத் தடவை காளான் போடலாம்னு ஒரு சின்ன ஐடியா…”

“உங்க காளானுக்கு எங்கம்மா கல்லுதான் உரமா மாப்பிள்ளை? நீலம் எனக்குன்னா எனக்குத்தான்.”

கடைக்காரர் லென்ஸைக் கண்ணில் வைத்து மற்றக் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். நீலம் அவர் கடையிலேயே தட்டுத் தட்டாய்க் கிடக்கிறது. மண்ணிலிருந்து பெரும்பாலும் பழுப்பாக வருவதைச் சுட்டுச் சுட்டு நீலமாக்கி அனுப்புகிறார்கள். சுடாமலே இப்படி மூன்று நிறம் காட்டும் கல்லை இந்த முப்பது வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார்.

சொல்லத்தான் வாயைத் திறந்தார். அக்காவின் மூடிய கை கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டார். பேராசைக்குக் கிடைக்கவேண்டியது கிடைக்கட்டும்.

“ஏங்க, சுட்டா எல்லாமே நீலமாயிடுமாமே?” என்றார் மாப்பிள்ளை. “இதையும் சுட்டுக் குடுங்களேன்.”

கடைக்காரர் இழுத்தார். “ஆகும்… ஆனா…”

“வெடிக்கும்!” என்றாள் அக்கா. “உள்ளே கீறல் ஓடுது பாருங்க. சூட்டுல வெச்சா தூள்தான் மிஞ்சும். அள்ளிட்டுப் போய்க் காளானுக்குத் தூவுங்க.”

கீறலாவது ஒன்றாவது! தங்கச்சிக்கும் நீலம் வந்துவிடக் கூடாதாம். என்ன வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டார் கடைக்காரர். ஆனாலும் கல் பிழைத்ததே என்று தலையை ஆட்டி வைத்தார்.

மாப்பிள்ளையின் சிரிப்பு முதல் தடவையாகச் சுருங்கியது. “அப்போ இதை எவன் வாங்குவான்? நீயே விரல்ல மாட்டிக்கோ” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

தங்கை அக்கா பக்கம் திரும்பினாள். “அம்மாவைக் கடைசிவரைக்கும் நீதான் பார்த்துக்கிட்டே. சரி, இல்லேங்கல. அதுக்காக இருக்கறதுல நல்லதை நீயே எடுத்துக்கணுமா?”

“ஆமா.”

“எடுத்துக்கோ. நான் இதையே போட்டுக்கறேன். சாகற வரைக்கும் கழட்ட மாட்டேன். பார்க்கறப்பல்லாம் என்கூடப் பொறந்தவ லட்சணம் ஞாபகம் வரட்டும்!”

“வரட்டும். விரலை நீட்டு, அளவு எடுக்கணும். அவருக்கு வேற வேலை இருக்காதா?”

வெள்ளிக்கிழமை தங்கை வந்து தன் மோதிரத்தை மாட்டிக்கொண்டு போனாள். மறுநாள் அக்கா தனியாக வந்தாள்.

கடைக்காரர் இதற்காகவே தூங்கி எழுந்தவர்போல் இருந்தார். நீல மோதிரத்தைத் தட்டில் வைத்து நிதானமாக ஆரம்பித்தார்.

“தப்பா நினைக்காதீங்க மேடம். நீங்க அடம்பிடிச்சு வாங்கின மாதிரி என்கிட்டயே நாற்பது கிடக்கு. உங்க தங்கச்சி விரல்ல இருக்கே, அது என் ஆயுசுக்கே ரெண்டாவது. சுடாத கல். ஏமாந்தது அவங்க இல்ல.”

அக்கா கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். கல் பரிசோதனைக் கூடத்தின் சான்றிதழ். ‘இயற்கை நிறம். சூடேற்றப்படவில்லை. மிக அரிது.’ தேதி, அம்மா உயிரோடு இருந்த மாதம். உரிமையாளர் என்ற இடத்தில் தங்கையின் பெயர்.

“இது உங்க லாக்கர்ல இருக்கட்டும். எங்க வீடு மாப்பிள்ளை வந்துபோற வீடு. என்னிக்காவது அவ தனியா வந்து நின்னா, குடுங்க.”

கடைக்காரர் காகிதத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “அவங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாமே?”

“அவ வாயில எதுவும் நிக்காது. சொன்ன அன்னிக்கே காளான் முளைச்சிருக்கும். நீங்க ‘ஆனா’ன்னு இழுத்தப்போ எனக்கு மூச்சே நின்னுபோச்சு. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசலையே, பெரிய மனசு உங்களுக்கு.”

பெரிய மனசுக்காரர் தலையைச் சொறிந்தார்.

அக்கா நீல மோதிரத்தை விரலில் போட்டுப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

“ஏங்க… சாகற வரைக்கும் கழட்ட மாட்டேன்னு சொன்னாளே, உங்க காதுலயும் நல்லா விழுந்துது இல்ல?”